யாருக்கு அறை கிடைக்கிறது? – ‘ஹோஸ்ட் குடும்பம்’ என்னும் கதையாடல் குறித்து

‘ஹோஸ்ட் குடும்பம்’ என்கிற சொல்லுக்குத் தமிழில் நிகர்ச்சொல் தேடிப் பார்த்தேன். விருந்தளிக்கும் குடும்பம், ஓம்பும் குடும்பம், புரவலர் குடும்பம் என்றெல்லாம் வருகிறது. எதுவும் ஒட்டவில்லை. மொழியின் போதாமை அல்ல காரணம். வெளிநாட்டிலிருந்து வந்து தங்குகிறவர் மாதாமாதம் பணம் கொடுக்கிறார், அல்லது அவரை அனுப்பிய நிறுவனம் கொடுக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு சோறு போடுகிற இடத்தை நாம் மெஸ் என்போம். படுக்க இடமும் கொடுத்தால் லாட்ஜ். ரொம்ப மரியாதையாகச் சொன்னால் ‘பேயிங் கெஸ்ட்’. குடும்பம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தன்னார்வ ஆசிரியர்களை அனுப்புகிற நிறுவனங்களின் கையேடுகளிலும் திரும்பி வந்தவர்கள் எழுதுகிற நூல்களிலும் அந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகர்வதில்லை. வாடகைக்கு விட்டவரைக் குடும்பமாக்க வேண்டிய அவசியம் யாருக்கு, எதற்காக வருகிறது என்பதுதான் இங்கே என் கேள்வி.

இந்த வகைப் பிரதிகளைக் கொஞ்சம் வாசித்தவர்களுக்கு அவற்றின் இலக்கணம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். முதலில் பேருந்து, மலைப்பாதை, பயம். அப்புறம் கழிப்பறை பற்றி ஒரு பத்தி. கையால் சாப்பிடத் தெரியாமல் தடுமாற, வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வீட்டு அம்மா இன்னும் கொஞ்சம் சோறு வைக்கிறார். மொழி தெரியாமலேயே அன்பு புரிந்துவிடுகிறது. கடைசியில் பிரிவு, கண்ணீர், மாலை. பிறகு அந்த வாக்கியம்: கற்பிக்கப் போனேன், கற்றுக்கொண்டு வந்தேன். அடக்கமாகத் தோன்றுகிற இந்த வாக்கியத்தைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அது உச்சரிக்கப்பட்டதும் பள்ளிக்கூடம் காணாமல் போய்விடுகிறது. பிள்ளைகள் கணக்குக் கற்றுக்கொண்டார்களா, அடுத்த வருசம் அவர்களுக்கு வாத்தியார் இருந்தாரா, எந்தப் பிள்ளை பாதியில் நின்றது? இந்தக் கேள்விகளைக் கேட்க இடமே இருக்காது. போனவர் கற்றுக்கொண்டாராம், கணக்கு நேராகிவிட்டது. வகுப்பறையில் நிகழாததை வீடு ஈடுகட்டிவிடுகிறது. ‘குடும்பம்’ என்ற சொல்லின் முதல் வேலை இதுதான்.

இதன் வரலாறு நீண்டதல்ல. பிரிட்டனில் வி.எஸ்.ஓ. 1958இல் தொடங்கியது. காலனிகள் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த பதினெட்டு வயதுப் பையன்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். 1961 மார்ச்சில் கென்னடி கையெழுத்திட்டு அமைதிப் படையை உருவாக்கினார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் கானாவுக்குப் போய் இறங்கிய முதல் குழு ஆசிரியர் குழுதான். இந்தியாவிலும் 1961 முதல் 1976 வரை அது இருந்தது. நேபாளத்துக்கு 1962இல் போனது. மாவோயிஸ்ட் போர்க்காலத்தில் 2004இல் நிறுத்தப்பட்டு 2012இல் திரும்பியது. பனிப்போரின் கருவி என்று நம் இடதுசாரி நண்பர்கள் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அந்த வரியால் ஒரு வீட்டின் சமையலறைக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது.

தன்னார்வலர்கள் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இன்றளவும் கூர்மையானது இவான் இல்லிச் 1968 ஏப்ரலில் ஆற்றிய உரை. மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யக் கிளம்பிய அமெரிக்க மாணவர்களின் மாநாட்டிலேயே போய் நின்றுகொண்டு, நீங்கள் வராதீர்கள் என்று சொன்னார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நீங்கள் போகிற நாட்டில் உங்களோடு உரையாடக் கூடியவர்கள் உங்களைப் போலவே ஆக விரும்பும் நடுத்தர வர்க்கத்தார் மட்டுமே என்றும் சொன்னார். இந்த இடம் முக்கியமானது. ஆனால் இல்லிச் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நடுத்தர வர்க்கம் எந்த வழியாகத் தன்னார்வலரைப் பிடித்துக்கொள்கிறது? அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிறார்? இல்லிச்சின் பிரதியில் தன்னார்வலர் இருக்கிறார், கிராமம் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள வீடு இல்லை. அவருக்குக் கிராமம் ஒற்றை முகம். நமக்குத் தெரியும், எந்தக் கிராமத்துக்கும் ஒற்றை முகம் கிடையாது.

நேபாளத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் கொஞ்ச காலம் இருந்த நாடு என்பதோடு, ‘யார் வீட்டில் யார் நுழையலாம்’ என்பதை அரசே சட்டமாக எழுதிவைத்த நாடு என்பதும் காரணம். 1854இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் நாட்டின் அத்தனை சாதிகளையும் ஐந்து அடுக்குகளாக வரிசைப்படுத்தியது. மேலே பூணூல்காரர்கள். அடுத்து மது அருந்துவோர், அதிலும் அடிமையாக்கக் கூடாதவர், ஆக்கலாம் என்பவர் என்று இரண்டு அடுக்கு. நான்காவது, தண்ணீர் வாங்கக் கூடாது, ஆனால் தொட்டால் தெளித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஐந்தாவது, தண்ணீரும் கூடாது, தொட்டால் தெளித்தே ஆக வேண்டும். கொல்லர்களான காமி, தோல் வேலை செய்யும் சார்க்கி, தைத்தும் இசைத்தும் பிழைக்கும் தமாய் எல்லாம் இந்த ஐந்தாவதில். ஐரோப்பியருக்கு எந்த இடம் தெரியுமா? நான்காவது. மிலேச்சர் என்ற பெயரில், முஸ்லிம்களோடு சேர்த்து. ஜங் பகதூர் 1850இல் இங்கிலாந்து போய் வந்தவர். இந்தச் சட்டம் வந்த அதே காலத்தில்தான் தன் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தர்பார் பள்ளியையும் தொடங்கினார். ஆங்கிலம் வேண்டும், ஆங்கிலேயன் தொட்ட தண்ணீர் வேண்டாம். வெளிநாட்டு ஆசிரியர் என்பவர் நேபாளத்தின் சாதிப் படிநிலைக்குள் நுழைந்தது இப்படித்தான். வெளியிலிருந்து வருகிறவர் சாதிக்கு வெளியே நிற்கிறார் என்று நினைப்பது பாமரத்தனம். அவருக்கென்று ஒரு படி ஏற்கெனவே செதுக்கி வைத்திருந்தார்கள்.

1963இல் வந்த புதிய ஐன் சாதிக்கான சட்டப் பின்புலத்தை நீக்கியது. 2011இல் தீண்டாமைக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. அடுப்பங்கரை அந்தச் சட்டங்களை வாசித்ததாகத் தெரியவில்லை. ஒன்று மாறியிருக்கிறது: மிலேச்சரின் படி உயர்ந்துவிட்டது. டாலர், விசா, பிள்ளைகளின் ஆங்கிலம் எல்லாமாகச் சேர்ந்து உயர்த்திவிட்டன. ஐந்தாவது படி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த வகை நூல்களில் ஓரளவு நேர்மையானது என்று பிராட்டன் கோபர்னின் ‘நேபாளி ஆமா’வைச் சொல்லலாம். 1970களில் அமைதிப் படையின் ஆசிரியராகப் போன அமெரிக்கர் அவர். சியாங்ஜா மலைக் கிராமத்தில் விஷ்ணு மாயா குருங் என்ற விதவை மூதாட்டியின் எருமைத் தொழுவத்துக்கு மேலே உள்ள பரணில் குடியிருந்தார். 1982இல் வந்த நூலில் அந்த அம்மாவின் பேச்சும் உழைப்பும் புகைப்படங்களும்தான் நிறைந்திருக்கின்றன. தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளத் தெரிந்த எழுத்து. நான் விரும்பித்தான் படித்தேன். நேபாளியில் ‘ஆமா’ என்றால் அம்மா. நமக்கோ அது ‘ஆமாம்’. இந்த வகைமை கற்பனை செய்கிற வீட்டுத்தாய் எப்போதும் ‘ஆமா’ போடுகிறவள் என்பதால் இந்தத் தற்செயல் எனக்குப் பிடித்திருக்கிறது. கோபர்னின் ஆமா அப்படி இல்லை. திட்டுகிறார், கிண்டலடிக்கிறார், தன் இஷ்டப்படி உலகத்துக்கு விளக்கம் சொல்கிறார். பிறகு 1988இல் அவரை அமெரிக்காவுக்கே அழைத்துப் போனார் கோபர்ன். அது இரண்டாவது நூலாக 1995இல் வந்தது.

ஆனால் கேட்டாக வேண்டியதைக் கேட்போம். இரண்டு நூல்களுக்கும் ஆசிரியர் யார்? பேசுகிறவர் ஒருவர், அட்டையில் பெயர் இன்னொருவருடையது. வாடகை கொடுத்துத் தங்கியவர் வீட்டுக்காரியின் வாழ்க்கையைப் பிரதியாக்கிக் கொண்டுபோகிறார். இதை மோசடி என்று சொல்லவில்லை. இந்த வகைமையின் சிறந்த எழுத்திலும் இதுதான் நடக்கிறது என்கிறேன். அடுத்தது, குருங்குகள் பழைய சட்டப்படி மது அருந்துவோர், இரண்டாம் அடுக்கு. பார்ப்பன, சேத்ரி வீடுகளின் அடுப்பங்கரைக் கெடுபிடி அவர்களிடம் குறைவு. அந்நியப் படைகளில் சேவை செய்து வெள்ளைக்காரனைப் பார்த்துப் பழகியவர்கள். அமெரிக்கருக்கு அங்கே அறை கிடைத்தது. அதே குருங் ஊர்களில் காமியும் தமாயும் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது. ஆசிரியர் தங்கிய பரணுக்குக் கீழே எருமை கட்டலாம். அந்த வீட்டு உலைப்பானையைத் தலித் தொடலாமா? ‘ஆமா’வின் அன்பைப் பேசுகிற வாசகர் யாரும் இந்தக் கேள்வியை எழுப்பி நான் பார்க்கவில்லை.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் மதிப்பு வேண்டாம். 2009இல் மூன்று மாதம் கிழக்கு மலைப்பகுதியில் ஒரு அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். தங்கியது ஒரு பாகுன் வீட்டில், அதாவது மலைப் பார்ப்பனர் வீட்டில். ஏற்பாடு செய்த சிறு நிறுவனம் வீடு தேர்வதற்கு ஒரு பட்டியல் வைத்திருந்தது: தனி அறை, பூட்டு, கழிப்பறை, குடிதண்ணீர். இந்த நான்கும் உள்ள வீடு ஊரில் ஏழெட்டுத்தான் இருக்கும். அத்தனையும் ஒரே பக்கத்தில் இருந்தன. பட்டியலில் சாதி என்கிற வார்த்தையே கிடையாது, தேவையும் படவில்லை. பூட்டும் கழிப்பறையும் அந்த வேலையைச் செய்துவிட்டன.

போன முதல் நாளே என் குலப்பெயரைக் கேட்டார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு எழுத்து உண்டு, பின்னால் ஒன்றும் கிடையாது என்று சொன்னேன். அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வயிறு சரியில்லாமல் ஒரு வாரம் கறி தொடாமல் இருந்தேன். மதராஸி, மாஸ்டர், மரக்கறி, அப்ப பிராமணர்தான் என்று அவர்களே முடிவு பண்ணிக்கொண்டார்கள். அந்த ஒரு வாரம் அடுப்புக்கு அருகில் பலகை போட்டுச் சோறு வந்தது. விஷயம் காதுக்கு வந்த அன்று, நான் பிராமணன் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். மறுநாள் தட்டு திண்ணைக்கு வந்தது. தட்டைக் கழுவி வெயிலில் கவிழ்ப்பதும் என் வேலையானது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பருப்பு அதே ருசி, நெய்யும் அதே அளவு. ‘பாபு, இன்னும் கொஞ்சம்’ என்கிற குரலும் மாறவில்லை.

எட்டாம் வகுப்பில் ஒரு காமிப் பெண் இருந்தாள். இயற்கணிதம் அவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்கிற பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சாயங்காலம் சந்தேகம் கேட்க மற்ற பிள்ளைகள் என் அறைக்கு ஏறி வருவார்கள். அவள் முற்றத்துக்குக் கீழே வரப்பில் நிற்பாள். கூப்பிட்டாலும் வர மாட்டாள். வரக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பாடத்தை அரசமரத்தடி சௌதாரிக்கு, அங்கே வழிப்போக்கர் சுமையிறக்கி உட்காரும் கல்மேடைக்கு, மாற்றினேன். நோட்டு கைமாறுகிறது, கை படுகிறது, ஊரே பார்க்கிறது. வீடு திரும்பினால் வாசலில் வீட்டு அம்மா செம்போடு நிற்பார். தண்ணீரில் தங்க மோதிரத்தை ஒரு தரம் முக்கி என்மேல் தெளிப்பார். சிரித்துக்கொண்டே, பிள்ளைக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இது சட்டப்படிக் குற்றம் ஆமா என்பேன். சட்டம் காட்மாண்டுவில் இருக்கு என்பார். மூன்று மாதமும் தெளித்தார், மூன்று மாதமும் நான் சொன்னேன்.

அந்தத் தண்ணீரை ஒரு வெள்ளைக்காரத் தன்னார்வலர் ஆசீர்வாதம் என்று எழுதியிருக்கக்கூடும். மொழி தெரியாமலேயே அன்பு புரிகிற பிரதியில் அதற்குத்தான் இடமுண்டு. அன்பு பொய்யென்று நான் சொல்லவில்லை. பொய்யாக இருந்திருந்தால் விமர்சிப்பது சுலபம். நிஜமான அன்பே அந்தச் செம்பைப் பிடித்திருந்தது. ஆனால் வரப்பில் நின்ற பிள்ளையின் கண்ணுக்கு நான் எந்த வீட்டு ஆள்? வகுப்பில் என்ன சமத்துவம் பேசினாலும் ராத்திரி நான் போய்ப் படுக்கிற வீடு எது என்று அவளுக்குத் தெரியும். ஆசிரியரின் அரசியல் அவர் பாடக் குறிப்பில் இல்லை, அவருடைய விலாசத்தில் இருக்கிறது. தன்னார்வ ஆசிரியரின் விலாசத்தை முடிவு செய்வது ஊரின் மேல்சாதி.

இன்னொன்றும் உண்டு, பெண்கள் விஷயம். நிறுவனம் கொடுத்த பணம் மாமனார் கைக்குப் போனது. விடியுமுன் தண்ணீர் எடுத்து, விறகு வெட்டி, இரண்டு வேளை சமைத்து, எல்லாரும் தின்றபின் தின்றவள் மருமகள். வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். இல்லறத்தான் பெயரில் புண்ணியம், இல்லாளின் பெயரில் வேலை. டெரிடா முதலானோர் விருந்தோம்பல் பற்றி எழுதியதை வைத்து நம் சூழலில் நிறையப் பேசியிருக்கிறோம். நிபந்தனையற்ற விருந்தோம்பல் சாத்தியமா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறோம். பாத்திரம் யார் விளக்குவது என்பது அந்த விவாதத்தில் வருவதே இல்லை.

அந்நியரைச் சொந்தமாக்க நேபாளச் சமூகத்திடம் வேறு வழியே இல்லையா? இருந்தது. ‘மித்’ என்று ஒரு உறவு முறை. சடங்கு செய்து இருவர் மித் ஆனால் அது ரத்த உறவுக்குச் சமம். வேறு சாதி, வேறு இனத்தாரோடும் செய்துகொள்வார்கள். மித் இறந்தால் துக்கம் காக்க வேண்டும். மித் குடும்பத்தோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை. சுமையுள்ள சொந்தம். அதிலும் படிநிலை இல்லாமல் இல்லை, அதை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஆனால் ‘ஹோஸ்ட் குடும்பம்’ தருகிற உறவில் சுமை ஒரு பக்கம்தான். மகன் என்கிறார்கள், அண்ணன் என்கிறார்கள். விசா முடிந்ததும் மகன் விமானம் ஏறிவிடுவார். அடுத்த பருவத்துக்கு அடுத்த மகன் வருவார்.

அமைதிப் படை தொடங்கிய அதே 1961இல் கியூபாவில் நடந்ததை இங்கே வைத்துப் பார்க்கலாம். எழுத்தறிவு இயக்கம். ஒரு லட்சம் பேருக்கு மேல், பெரும்பாலும் பத்திலிருந்து பத்தொன்பது வயதுக்குள், நகரத்துப் பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண்கள். தூளி, போர்வை, மண்ணெண்ணெய் விளக்கு, பாடநூல் இவற்றோடு குடியானவர் குடிசைகளுக்குப் போனார்கள். பகலில் அந்த வீட்டாரோடு வயலில் வேலை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாடம். ஆண்டு முடிவில் ஏழு லட்சம் பேர் எழுதப் படிக்கக் கற்றதாக அரசு அறிவித்தது. பாடநூல் முழுக்க அரசின் குரல், அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அங்கே சோறு போட்டவரும் பாடம் படித்தவரும் ஒரே ஆள். எழுத்தறியாத வீட்டைத் தேடித்தான் ஆசிரியர் போனார், பூட்டும் கழிப்பறையும் உள்ள வீட்டைத் தேடி அல்ல. உண்ட சோற்றுக்கு உழைப்பைக் கொடுத்தார். அந்த நவம்பர் 26இல் எஸ்காம்ப்ராய் மலைப்பகுதியில் பதினாறு வயது ஆசிரியர் மானுவல் அஸ்குன்ஸேவை எதிர்ப்புரட்சிக் கும்பல் கொன்றபோது, அவரைத் தங்க வைத்திருந்த விவசாயி பெத்ரோ லாந்திகுவாவையும் சேர்த்தே கொன்றார்கள். இருவருக்கும் ஒரே விலாசம்.

அப்படியென்றால் நேபாளத்திலும் தன்னார்வலரைத் தலித் வீட்டில் தங்க வைத்துவிடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். இவ்வளவு சுலபமாகத் தீர்வு சொல்கிறவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் ஏழாவது ஆளை யார் செலவில் நுழைப்பது? தலித் வீட்டில் ஓரிரவு தங்கிப் படம் எடுத்துக்கொள்வதை இந்திய அரசியல்வாதிகள் ஏற்கெனவே ஒரு சடங்காக்கி வைத்திருக்கிறார்கள். அதில் கயிற்றுக் கட்டிலைக் காலி செய்து கொடுத்தவர் எங்கே தூங்கினார் என்று எந்தப் பத்திரிகையும் எழுதியதில்லை. நான் சொல்வது வேறு. அந்நியருக்கு எந்த வீடு என்பதற்கு முன்னால், உள்நாட்டு ஆசிரியருக்கு எந்த வீடு என்று கேட்க வேண்டும்.

2021 ஜூனில் காட்மாண்டுவில் நடந்தது நேபாளப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. ரூபா சுனார் என்ற தலித் ஊடகவியலாளர் வாடகைக்கு அறை பார்த்து, பேசி முடித்தபின், சாதி தெரிந்ததும் வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். ரூபா சுனார் 2011 சட்டத்தின்படிப் புகார் கொடுத்தார், வீட்டுக்காரர் கைதானார். வீட்டுக்காரர் விடுதலையானபோது தன் வாகனத்திலேயே கொண்டுபோய் வீட்டில் விட்டவர் அப்போதைய அமைச்சர் ஒருவர். எந்தத் துறை அமைச்சர்? கல்வித் துறை. தலைநகரத்தில், படித்த, சம்பாதிக்கிற, வாடகை கொடுக்கத் தயாரான ஒரு பெண்ணுக்கு இது. மலைக் கிராமத்துப் பள்ளிக்கு மாற்றலாகிப் போகிற தலித் ஆசிரியர் முதல் ராத்திரி எங்கே படுப்பார்? அவருக்குக் கையேடு இல்லை, ஒருங்கிணைப்பாளர் இல்லை, மாலை இல்லை. அவர் எழுதும் நூலுக்குப் பதிப்பாளரும் இல்லை. கடல் கடந்து வருகிற, பெயர் தெரியாத, மொழி தெரியாத, மூன்று மாதத்தில் போகப்போகிற ஆளுக்கு ஊர் தன் நல்ல அறையைக் கொடுக்கிறது. முப்பது வருசம் பாடம் நடத்தப் போகிறவருக்கு இடம் காலியில்லை.

திரும்பி வந்தபின் அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீடு தேரும் பட்டியலில் பூட்டு, கழிப்பறை, குடிதண்ணீரோடு இரண்டு வரி சேர்க்கச் சொல்லி: பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியரின் அறைக்குள் வந்து உட்கார இந்த வீடு சம்மதிக்கிறதா? பணம் சமைக்கிறவர் கையில் போகுமா? மரியாதையாகப் பதில் வந்தது. இரண்டாவது யோசனை பரிசீலிக்கப்படும், முதலாவது உள்ளூர்ப் பண்பாட்டில் தலையிடுவதாகும் என்று.